‘காம்’ என்ற சொல்லுக்குள் ஓர் உச்சிவெயில்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் பிடிப்பது எப்படி?

தூத்துக்குடியில் என் வீட்டு முன்னறையில் தினமும் மாலை ஆறு மணிக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசப் பழக வருகிறார்கள். பாதிப் பேர் கப்பல் வேலைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள். மற்றவர்கள் நர்ஸிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கிறவர்கள். நான் இருபத்திரண்டு வருஷம் சரக்குக் கப்பல்களில் டெக் ஆபீசராக, அதாவது கப்பலை ஓட்டும் அதிகாரியாக, இருந்தவன். இலக்கணம் எனக்குப் புத்தகத்திலிருந்து வந்தது குறைவு, கப்பலிலிருந்து வந்ததுதான் அதிகம்.

போன மாதம் ஒரு பையன் நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு முகம் வாடித் திரும்பி வந்தான். “உன்னைப் பற்றிச் சொல்” என்று கேட்டிருக்கிறார்கள். இவன் “ஐ ஆம் அ காம் (calm) பெர்சன்” என்றிருக்கிறான். உடனே அடுத்த கேள்வி வந்திருக்கிறது: “அப்படியா, ஏதாவது ஓர் ஆபத்தான நேரத்தில் நீ பதறாமல் நடந்துகொண்ட சம்பவம் ஒன்று சொல்லேன்.” பையன் வாயடைத்துப் போய்விட்டான். என்னிடம் வந்து, “அமைதியான பையன், அதிகம் பேசமாட்டேன்னுதான் சார் சொன்னேன். அவங்க ஏன் ஆபத்தைப் பத்திக் கேட்டாங்க?” என்றான்.

தப்பு அவனுடையது இல்லை. தமிழில் ‘அமைதி’ என்ற ஒரே சொல் நாலு வேலை பார்க்கிறது. வகுப்பில் சத்தம் போடாமல் இருப்பதும் அமைதி, நாட்டில் சண்டை இல்லாததும் அமைதி, அலை அடங்கிய கடலும் அமைதி, கலங்காத மனசும் அமைதி. ஆங்கிலத்தில் முதல் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு, கடைசி இரண்டுக்கும்தான் ‘காம்’. அர்த்தத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் இவை ஒன்றோடொன்று கலந்துபோகும். ஒரு சொல் எங்கே பிறந்தது, யார் கையில் வளர்ந்தது என்று தெரிந்தால் கலக்காது. அந்தப் பையனுக்காக நான் ‘காம்’ என்ற சொல்லின் வேரைத் தேடிப் போன வழியை இங்கே எழுதுகிறேன். இதே வழியில் நீங்கள் எந்தச் சொல்லையும் தேடலாம்.

முதலில் வாயில் சரியாக வரட்டும்

எழுத்துகள் சி, ஏ, எல், எம். நம் பிள்ளைகள் பலர் ‘கால்ம்’ என்கிறார்கள். பிரிட்டிஷ் உச்சரிப்பில் அந்த எல் ஊமை. ‘கா’வை நன்றாக நீட்டி, உதட்டை மூடி ‘ம்’ என்று முடிக்க வேண்டும். உள்ளங்கையைக் குறிக்கும் ‘பாம்’, தைலத்தைக் குறிக்கும் ‘பாம்’ எல்லாம் இதே குடும்பம்தான். எல்லாவற்றிலும் எல் எழுத்தில் இருக்கும், வாயில் வராது. அமெரிக்கர்களில் சிலர் எல்லை லேசாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது குற்றமில்லை. ஆனால் ‘கம்’ என்று குறுக்கிவிட்டால் ‘வா’ என்றாகிவிடும், அதில் மட்டும் கவனமாக இருங்கள்.

இந்த ஊமை எல்லை மறந்துவிடாதீர்கள். வேரைத் தேடும்போது அது உதவிக்கு வரும்.

அகராதியில் எங்கே பார்ப்பது?

நம்மில் பலர் அகராதியைத் திறந்தால் முதல் அர்த்தத்தைப் பார்த்ததும் மூடிவிடுகிறோம். நல்ல ஆங்கில அகராதியில் அர்த்தத்துக்கு முன்போ எல்லா அர்த்தங்களுக்கும் பின்போ, சதுர அடைப்புக்குள் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதுதான் சொல்லின் ஜாதகம். செல்போனில் பார்க்கிறவர்களுக்கு மெரியம் வெப்ஸ்டர் தளத்தில் ‘வேர்ட் ஹிஸ்டரி’ என்ற பகுதி இருக்கிறது. சொற்பிறப்புக்கென்றே இருக்கும் ‘ஆன்லைன் எடிமாலஜி டிக்ஷனரி’ தளமும் இலவசம்தான்.

அந்த வரியில் சுருக்கெழுத்துகள் வரும். எம்.இ. என்றால் மத்திய கால ஆங்கிலம், ஓ.எஃப். என்றால் பழைய பிரெஞ்சு, எல்.எல். என்றால் பிற்கால லத்தீன், ஜி.கே. என்றால் கிரேக்கம். இடையில் கொம்பு மாதிரி ‘<’ என்று ஒரு குறி வந்தால் ‘இதிலிருந்து வந்தது’ என்று பொருள். இந்த வரியை நான் எப்போதும் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்கச் சொல்வேன். அப்படிப் படித்தால் ஒரு பயணம் மாதிரி இருக்கும்.

‘காம்’ சொல்லை அப்படிக் கடைசியிலிருந்து படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். வேரில் கிடந்தது அமைதி இல்லை, நெருப்பு.

கிரேக்கத்தில் ‘காயேய்ன்’ என்றால் எரி, கொளுத்து. அதிலிருந்து ‘கௌமா’: எரிக்கும் வெப்பம், முக்கியமாக வெயிலின் வெப்பம். இதை லத்தீன் அப்படியே ‘கௌமா’ என்று கடன் வாங்கியது. நாலாம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜெரோம் தொடங்கிய லத்தீன் விவிலியத்தில், யோபு ஆகமம் 30ஆம் அதிகாரம் 30ஆம் வசனத்தில், எலும்புகள் வெப்பத்தால் காய்ந்துபோயின என்று யோபு புலம்பும் இடத்தில் இந்தச் சொல்தான் நிற்கிறது. அப்புறம் இத்தாலியில் அது ‘கல்மா’ ஆகி, பிரெஞ்சில் ‘கல்ம்’ ஆகி, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தது.

‘கௌமா’வில் இல்லாத எல், ‘கல்மா’வில் எப்படி முளைத்தது? லத்தீனில் ‘கலேரே’ என்று வேறொரு சொல் இருந்தது, சூடாக இரு என்று பொருள். நாம் சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்க்கும் ‘கலோரி’ அந்த வழியில் வந்ததுதான். இரண்டும் சூட்டைப் பற்றிய சொற்கள், கேட்கவும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தன. அதன் சாயல் இதன்மேல் விழுந்து எல் ஒட்டிக்கொண்டது என்றுதான் சொல்லாராய்ச்சி செய்பவர்கள் பொதுவாக விளக்குகிறார்கள். ஆக, நாம் எழுதிவிட்டு உச்சரிக்காமல் விடுகிற அந்த எல், இன்னொரு வெப்பச் சொல் விட்டுப்போன தடம்.

சூடு எப்படி அமைதி ஆனது?

வேரைக் கண்டுபிடித்ததோடு நிறுத்திவிடக் கூடாது. பழைய அர்த்தத்துக்கும் இன்றைய அர்த்தத்துக்கும் நடுவே ஒரு பாலம் இருந்தே ஆக வேண்டும். அந்தப் பாலம் தெரியாவிட்டால் வேர் தெரிந்தும் பயனில்லை.

இங்கே பாலம் உச்சிப்பொழுது. மத்தியதரைக் கடல் ஓரத்து ஊர்களில் கோடையில் நடுப்பகல் வந்துவிட்டால் வயலில் ஆள் இருக்காது, தெருவில் நாய்கூட நடக்காது, இலை ஆடாது. அந்த நேரத்து வெக்கையைக் குறித்த பெயர், மெல்ல அந்த நேரத்து அசைவின்மைக்கும் பெயராகிவிட்டது. சூடு காரணம், அசையாமை விளைவு. சொல் காரணத்தை விட்டு விளைவுக்குத் தாவியது.

எனக்கு இதை நம்ப அகராதி தேவைப்படவில்லை. ஒரு ஜூலை மாதம் கிரீஸில் பிரேயஸ் துறைமுகத்தில் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். ஏஜென்ட் படகில் ஏறி வந்தவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ‘காஃப்சோனாஸ், காஃப்சோனாஸ்’ என்றார். வெப்ப அலைக்கு இன்றைய கிரேக்கர்கள் சொல்லும் சொல் அது. அதே ‘எரி’ வேர்தான். அன்று பகல் ஒரு மணிக்கு டெக்கின் இரும்புத் தகட்டில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல அப்படியே கிடந்தது. சுற்றிலும் நின்ற கப்பல்களில் ஒரு மனிதத் தலை தெரியவில்லை. ‘கௌமா’வும் ‘காம்’மும் ஒரே காட்சிக்குள் இருந்தன. அதன் அர்த்தம் புரிய எனக்குப் பல வருஷம் பிடித்தது.

பாலம் சரிதானா என்று சோதிக்க இன்னொரு வழி உண்டு: அதே வேர் பக்கத்து மொழிகளில் என்ன ஆனது என்று பாருங்கள். பிற்கால லத்தீனில் ‘கௌமாரே’ என்று ஒரு வினைச்சொல் இருந்தது. வெயில் உச்சியில் இருக்கும்போது வேலையை நிறுத்தி இளைப்பாறு என்று பொருள். அது பிரெஞ்சில் ‘ஷோமே’ ஆனது: வேலை செய்யாமல் இரு. அதிலிருந்து ‘ஷோமாஜ்’: வேலையில்லாத் திண்டாட்டம். புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த யாரைக் கேட்டாலும் இந்தச் சொல்லைச் சொல்வார்கள். வெயிலுக்கு ஒதுங்கிய உழவனின் ஒரு மணி நேர ஓய்வு, ஒரு மொழியில் மன அமைதியாகவும் இன்னொரு மொழியில் வேலையின்மையாகவும் வளர்ந்திருக்கிறது. போர்ச்சுக்கீசிய அகராதிகளில் ‘கல்மா’வுக்கு இன்றும் அமைதியோடு கடும் வெப்பம் என்ற பொருளும் இருக்கிறது. ஸ்பானியர்களின் மதியத் தூக்கமான ‘சியெஸ்டா’வும் இப்படித்தான், லத்தீனில் ‘ஆறாம் மணி’ என்ற உச்சிப்பொழுதின் பெயர் அந்த நேரத்துத் தூக்கத்துக்குப் பெயரானது. இத்தனை சாட்சி கிடைத்த பிறகு பாலத்தை நம்பலாம்.

(போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் எங்கள் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தவர்கள். ஜன்னல், மேசை, சாவி, அலமாரி என்று எத்தனையோ சொற்களைத் தமிழில் விட்டுப் போயிருக்கிறார்கள். ‘கல்மா’வை மட்டும் நான் எந்த மீனவர் வாயிலும் கேட்டதில்லை. காற்றுக்கும் கடலுக்கும் அவர்களிடம் சொந்தச் சொல் ஏராளமாக இருந்தது, கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை என்று நினைக்கிறேன்.)

உடன்பிறப்புகளைத் தேடுங்கள்

ஒரு சொல் தனியாக நினைவில் நிற்காது, குடும்பத்தோடு நிற்கும். ‘எரி’ என்ற அந்தக் கிரேக்க வேரிலிருந்து வந்த மற்றவர்களைப் பாருங்கள். பாத்திரக் கறையையும் குழாய் அடைப்பையும் நீக்குகிற காஸ்டிக் சோடாவில் உள்ள ‘காஸ்டிக்’, தோலைச் சுட்டுவிடக்கூடியது என்று பொருள். ஆபரேஷனில் ரத்தக் குழாயைச் சூடு வைத்து அடைக்கும் ‘காட்டரி’, நர்ஸிங் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்ததைக் குறிக்கும் ‘ஹோலோகாஸ்ட்’, முழுவதும் எரிக்கப்பட்டது என்று பொருள்.

வகுப்பில் எல்லாருக்கும் பிடித்தது கடைசி ஒன்று: பேனாவுக்கு ஊற்றும் இங்க். கிரேக்கத்தில் ‘என்காஸ்டோன்’ என்றால் சுட்டுப் பதித்தது. ரோமப் பேரரசர்கள் கையெழுத்துப் போடப் பயன்படுத்திய செந்நீல மைக்கு அந்தப் பெயர் வந்து, பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து தேய்ந்து ‘இங்க்’ ஆகிவிட்டது. காஸ்டிக் சோடாவும் இங்க்கும் காம்மும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்ன அன்றைக்குப் பிறகு என் வகுப்பில் யாரும் இந்த வேரை மறக்கவில்லை.

கதைக்கு மயங்காதீர்கள்

சொற்பிறப்பு என்ற பெயரில் வாட்ஸப்பில் வருவதில் பாதி கட்டுக்கதை. கப்பல்காரர்களுக்குள் பெரிதாக உலவும் ஒன்று: ஆடம்பரத்தைக் குறிக்கும் ‘போஷ்’ என்ற சொல், இந்தியாவுக்கு வந்துபோன வெள்ளைக்காரர்கள் வெயில் படாத பக்கத்து அறையைக் கேட்டு வாங்கிய டிக்கெட்டில் அடித்த நாலு எழுத்து முத்திரை, ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’, அதாவது ‘போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம்’ என்பதன் சுருக்கம் என்பார்கள். நானும் பல வருஷம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்கூட இதுவரை கிடைத்ததில்லை. எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சுருக்கம் சொல்லும் கதை வந்தால், அந்தச் சொல் பழையது என்றால், முதலில் சந்தேகப்படுங்கள். ஒலி மாறி வந்த வழி, ஆண்டு, பக்கத்து மொழிச் சாட்சி மூன்றும் இருந்தால்தான் நம்புங்கள்.

சொல் யார் கையில் வளர்ந்தது?

இதுதான் எனக்கு மிக நெருக்கமான பகுதி. ஆங்கிலத்தில் ‘காம்’ முதலில் மனசைப் பற்றியது இல்லை. கடலையும் காற்றையும் பற்றியது. மனிதனுடைய மனசுக்கும் ஊர் நிலைமைக்கும் அதைச் சொல்வது 16ஆம் நூற்றாண்டில்தான் வழக்கத்துக்கு வருகிறது.

பாய்க்கப்பல் காலத்தில் அது இனிமையான சொல்லும் இல்லை. காற்று விழுந்துவிட்டால் கப்பல் நகராது. ‘பிகாம்ட்’ என்பார்கள், காற்றில்லாமல் நடுக்கடலில் கட்டுண்டு கிடப்பது. பூமத்தியரேகை ஓரத்தில் ‘டோல்ட்ரம்ஸ்’ என்று சொல்லப்படும் பகுதியில் வாரக்கணக்கில் அப்படிக் கிடந்து, குடிதண்ணீர் தீர்ந்து தவித்த கப்பல்கள் உண்டு. மேலே வெயில், கீழே கண்ணாடி மாதிரித் தண்ணீர். கிரேக்கக் ‘கௌமா’ அங்கே உயிரோடு இருந்தது.

அப்புறம் ஒருவர் இந்தச் சொல்லுக்கு எண் கொடுத்தார். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட், 1806 ஜனவரி 13 அன்று, ‘வுல்விச்’ என்ற கப்பலில் இருந்தபோது தன் நாட்குறிப்பில் காற்றின் வலுவை அளக்க ஓர் அட்டவணை எழுதினார். அது பின்னால் திருத்தப்பட்டு 0 முதல் 12 வரையான போஃபர்ட் அளவாக நிலைத்தது. 12 என்றால் சூறாவளி. 0 என்றால் ‘காம்’. இன்றைய கணக்கில் மணிக்கு ஒரு கடல்மைலுக்கும் குறைந்த காற்று. அடையாளம்: கரையில் புகை நேராக மேலே போகும், கடல் கண்ணாடி மாதிரி இருக்கும்.

நான் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் மாதம், இலங்கைக்குத் தெற்கே, மலாக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை பகல் வாட்ச், கப்பலைக் கண்காணிக்கும் முறை. கப்பலின் நாட்குறிப்பான லாக் புத்தகத்தில் காற்றை எழுதச் சொன்னார் செகண்ட் ஆபீசர். நான் பிரிட்ஜ் விங்கில், கப்பலை ஓட்டும் அறையின் வெளித்தளத்தில், போய் நின்றேன், முகத்தில் நல்ல காற்று அடித்தது. கருவியும் பதின்மூன்று நாட், அதாவது மணிக்குப் பதின்மூன்று கடல்மைல், காட்டியது. உள்ளே வந்து ‘ஃபோர்ஸ் 4, எதிர்க்காற்று’ என்று எழுதினேன். அவர் என் தோளைப் பிடித்துத் திரும்ப வெளியே கூட்டிப் போனார். “காற்றைப் பார்க்காதே, தண்ணீரைப் பார்” என்றார்.

பார்த்தேன். அடிவானம் வரை ஒரு சுருக்கம் இல்லை. பறக்கும் மீன் ஒன்று எழுந்து விழுந்த இடத்தில் வட்டம் வட்டமாக விரிந்தது தனியாகத் தெரிந்தது. நம் கப்பல் பதின்மூன்று நாட் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் அடித்தது நாம் ஓடுவதால் வந்த காற்று. கடலில் காற்றே இல்லை. என் எழுத்தை அடித்துவிட்டு அவர் எழுதினார்: ‘காம், 0’. திசைக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. காற்றில்லாதபோது அதற்குத் திசையும் கிடையாது.

அன்றுதான் எனக்குச் சொல்லின் அளவு பிடிபட்டது. புயலடிக்கக்கூடிய கடல், ஆனால் இப்போது அடிக்கவில்லை. அதுதான் ‘காம்’.

இனி பயன்படுத்தும் முறை

மேலே சொன்னதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. ஒன்றைக் ‘காம்’ என்று சொல்லும் முன் கேளுங்கள்: இது கொந்தளிக்கக்கூடியதா? ஆம் என்றால் சொல்லலாம். கடல் கொந்தளிக்கும். மனம் கொந்தளிக்கும். குரல், நரம்பு, பங்குச்சந்தை, கூட்டம், ஊர் எல்லாம் கொந்தளிக்கும். கலவரம் நடந்து முடிந்த ஊரைப் பற்றிச் செய்தியில் ‘நகரம் இப்போது காம்’ என்று எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டி போகாத தெருவுக்கு அது பொருந்தாது, அதற்குக் ‘குவையட்’. சண்டை இல்லாத நாட்டுக்குப் ‘பீஸ்’. அசையாமல் நில் என்று சொல்ல ‘ஸ்டில்’.

அந்தப் பையன் சொல்ல நினைத்தது ‘குவையட்’, அதிகம் பேசாதவன். சொன்னது ‘காம்’, புயலிலும் கலங்காதவன். அதனால்தான் புயல் எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

நர்ஸிங் பிள்ளைகள் இதைக் கவனமாக வாசியுங்கள். நோயாளிக் குறிப்பில் ‘காம் அண்ட் கோஆப்பரேட்டிவ்’ என்று எழுதுவது வழக்கம். பதற்றமில்லாமல் சிகிச்சைக்கு ஒத்துழைக்கிறார் என்று பொருள். அதே இடத்தில் ‘குவையட்’ என்று எழுதினால் பேச்சு குறைந்துவிட்டது என்று ஆகும், டாக்டருக்கு அது ஓர் எச்சரிக்கையாகக்கூடப் படலாம். ஒரு சொல்லை மாற்றினால் படுக்கையில் இருப்பவரின் நிலைமையே மாறிவிடும்.

‘காம் டவுன்’ என்பதை மட்டும் கோபமாக இருக்கிறவர் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். ஒரு துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது கயிறு வழுக்கி, கீழே நின்ற ஃபோர்மேன் கத்திக்கொண்டிருந்தார். இளவயதில் நான் மரியாதையாகத்தான் நினைத்து “காம் டவுன், சார்” என்றேன். அவர் கோபம் இரட்டிப்பானது. நீ கொந்தளிக்கிறாய், நிறுத்து என்று மேலே நின்று கட்டளை போடுவதுபோல அது கேட்கும். சீஃப் ஆபீசர் ஓடிவந்து, “சரி, வேலையை நிறுத்திவிட்டோம், என்ன நடந்தது என்று சொல்லுங்கள்” என்றார். இரண்டு நிமிஷத்தில் ஃபோர்மேன் குரல் இறங்கிவிட்டது. ‘காம் டவுன்’ என்பதைப் பிற்பாடு நடந்ததைச் சொல்லும்போது பயன்படுத்துங்கள்: அவர் கொஞ்ச நேரத்தில் தணிந்தார் என்பதற்கு அது சரியான ஆங்கிலம்.

‘கீப் காம்’ அவ்வளவு உறுத்தாது, அது எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வது. 1939இல் போர் தொடங்கும் நேரத்தில் பிரிட்டிஷ் அரசு ‘கீப் காம் அண்ட் கேரி ஆன்’ என்று சுவரொட்டி அச்சிட்டது. ஏறக்குறைய 25 லட்சம் பிரதி அச்சாகியும் அப்போது பெரும்பாலும் ஒட்டப்படவே இல்லை. 2000ஆம் ஆண்டில் ஆனிக் என்ற ஊரின் பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடைத்த பிறகுதான் உலகம் முழுக்கக் கோப்பையிலும் சட்டையிலும் ஏறியது. அங்கேயும் பாருங்கள், குண்டு விழப்போகும் நேரத்துக்காக எழுதிய சொல் அது.

தமிழில் எதோடு கட்டிப் போடுவது?

கடைசி வேலை, புதுச் சொல்லை நம் சொல்லோடு முடிச்சுப் போடுவது. இங்கே ‘அமைதி’யை உடனே எடுக்காதீர்கள். அதில்தான் குழப்பமே.

ஆளைப் பற்றிச் சொல்லும்போது ‘காம்’ என்றால் நிதானம். “அவர் நிதானமான மனுஷன்” என்று நாம் சொல்வதில் உள்ள அதே எடை. ‘கீப் காம்’ என்றால் ‘பதறாதே’. பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிகள் சொன்னதில் அந்த முழுச் சுவரொட்டியும் அடங்கிவிடுகிறது. ‘காம் டவுன்’ என்றால் ‘தணி’. இந்தத் ‘தணி’யைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அடுப்புச் சூடு தணிகிறது, காய்ச்சல் தணிகிறது, தாகம் தணிகிறது, கோபமும் தணிகிறது. முருகன் சினம் தணிந்த இடம் என்பதால் திருத்தணி என்று தலபுராணம் சொல்லும். வெப்பம் குறைவதும் மனம் அடங்குவதும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தின் ‘காம்’ வெப்பத்தின் உச்சியில் பிறந்தது, நம் ‘தணி’ வெப்பம் இறங்கும்போது பிறப்பது. இரண்டும் சூட்டின் பக்கத்திலேயே நிற்கின்றன.

தமிழ்ச் சொற்களுக்கும் இதே தேடலைச் செய்ய விரும்பினால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ‘அமை’ என்ற சொல்லைத் தட்டிப் பாருங்கள்: பொருந்து, அடங்கு, நிறை என்று விரியும்.

நேரம் இருந்தால் ஆங்கிலத்தின் மற்ற அமைதிச் சொற்களையும் இதே வழியில் தேடுங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு படம் இருக்கும். ‘சிரீன்’ மேகமில்லாத வானம். ‘கம்போஸ்ட்’ (composed) சிதறியதை ஒன்றாக அடுக்கி வைத்தது. ‘ஈக்வனிமிட்டி’ மேடுபள்ளமில்லாத சம மனசு. ‘சாங்ஃப்ருவா’ பிரெஞ்சில் குளிர்ந்த ரத்தம். நோட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே படத்தை வரையுங்கள். கீழே வேர், உடன்பிறப்பு, தமிழ் முடிச்சு, உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவம். சம்பவம் எழுதாமல் பக்கத்தை மூடாதீர்கள்.

அந்தப் பையனும் எழுதினான். நேற்று அதை வகுப்பில் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். போன பொங்கலுக்கு அவன் அம்மா பலகாரம் சுடும்போது எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்திருக்கிறது. அக்கா தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். இவன் அவளைத் தடுத்து, கேஸை மூடி, பெரிய ஈயத் தட்டைப் பக்கவாட்டில் தள்ளிச் சட்டியை மூடியிருக்கிறான். தட்டி முட்டித்தான் சொன்னான், ஆனால் முழுசாகச் சொன்னான்.

“அந்த நேரத்தில் நீ எப்படி இருந்தாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“காம், சார்” என்றான். எல் இல்லாமல்.